கைப்பிள்ளையோட திடீர்னு ஒரு ராத்திரி கூடாரம்: அம்பை, களக்காடு, வள்ளியூர் பக்கம் எங்க போடலாம், எப்படிப் போடலாம்?

பாளை_அம்மா

வெள்ளிக்கிழமை ராத்திரி தோணுச்சுன்னா சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல வீடு திரும்பணும். பிள்ளைக்கு எட்டு மாசம், எட்டு கிலோ, நல்லா தவழுது. தாய்ப்பால்தான், ராத்திரி ஒரு தடவை மட்டும் பவுடர் பால். கார் இருக்கு. பாளையங்கோட்டையில இருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓட்ட வேண்டாம். கூடாரம் நாலு பேர் படுக்குற அளவு, உள்ள வலை, மேல தனி மழைத்துணி. எங்க போகலாம், எதை எடுக்கணும், எது தப்பாப் போகும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வேண்டாம்னு நினைச்சாலும் காரணத்தோட சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்.

பொருநைக்கரை

முதல்ல இடத்தை முடிச்சுருவோம். நம்ம பக்கம் கூடாரம்னதும் பாபநாசம் மலை, காரையாறு, மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை, களக்காடு தலையணைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இது அத்தனையும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள. செக்போஸ்ட்ல பகல்ல விடுவாங்க, சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்துரணும். அனுமதி இல்லாம உள்ள தங்குறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். சொரிமுத்தையனார் கோவில்ல ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமா குடில் போட்டுத் தங்குவாங்க, அது அந்தந்த வருஷம் அறிவிக்கிற நாளுக்கு மட்டும் உள்ள அனுமதி. நினைச்ச நேரம் போற இடம் இல்ல.

ஆத்துக்குள்ள இருக்குற மணல் திட்டு, பாறை மேடு கூடவே கூடாது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள்ல தண்ணி திறந்தா கீழ மட்டம் ஏறும், இங்க மேகமே இருக்காது. மலை மேல பெஞ்சாலும் அதே கதைதான். பழைய குற்றாலத்துல 2024 மே மாசம் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிர் போச்சு. அது சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி. அதனால "இப்ப மழைக்காலம் இல்லையே"ங்கிற கணக்கு செல்லாது.

உவரி, கூடுதாழை கடற்கரையும் ராத்திரிக்கு வேண்டாம். கள்ளக்கடல் எச்சரிக்கை வர்ற மாசங்கள்ல காத்தும் மழையும் இல்லாமலே அலை மேல ஏறி வரும்.

மிச்சம் இருக்குறது தெரிஞ்சவங்க தோப்பு. சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, யாருக்காவது அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஏர்வாடி, வள்ளியூர் பக்கம் தோட்டம் இருக்கும். ரெண்டு மூணு இடத்தைப் பகல்ல ஒரு தடவை போய்ப் பாத்து வச்சிருங்க. கிளம்புறது திடீர்னு இருக்கலாம், இடம் திடீர்னு இருக்கக் கூடாது.

அம்பை_தோப்பு

அண்ணாச்சி சொன்னதோட தோப்புல என்ன பாக்கணும்னு சேக்குதேன். நிழல் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துருவாங்க, பிள்ளை இருக்கும்போது அது போதாது.

மேல அண்ணாந்து பாருங்க. தென்னைக்குக் கீழ கூடாரம் போடாதீங்க. காய் மட்டுமில்ல, காஞ்ச மட்டையே போதும், கூடாரத்தைக் கிழிச்சுட்டு உள்ள வரும். பனைக்கும் அதேதான். பனை ஓலையில கடந்தைக் கூடு (பெரிய குளவி) இருக்கும், புகை பட்டா கிளம்பிரும். மாமரம், புளியமரத்துல கிளை காஞ்சிருக்கா, முசுறு (கடிக்கிற செவ்வெறும்பு) கூடு இருக்கான்னு பாருங்க. மரத்தடியை விட, மரத்துக்கு மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடுறது நல்லது. காலைல வெயில் கிழக்க இருந்து வரும்போது மர நிழல் கூடாரத்து மேல விழும், பிள்ளை எட்டு மணி வரைக்கும் தூங்கும். இல்லைன்னா ஏழுக்கே உள்ள புழுங்கிரும்.

கீழ பாருங்க. புத்து, எலி வளை, அடுக்கி வச்ச செங்கல், காஞ்ச ஓலைக் குவியல், இதுக்கெல்லாம் பக்கத்துல வேண்டாம். விரியனும் தேளும் அங்கதான் கெடக்கும். காஞ்ச இலையை வாரி, தரை தெரியுற மாதிரி கூடாரத்தைச் சுத்தி ரெண்டு மீட்டர் சுத்தம் பண்ணுங்க.

சுத்திப் பாருங்க. நம்மூர்க் கிணறு பாதிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தவழுற பிள்ளைக்கு ஐம்பது மீட்டராவது தள்ளி இருக்கணும். மோட்டார் ரூம் பெட்டி திறந்து கெடக்கா, பன்னிக்குக் கம்பியில கரண்ட் விட்டிருக்காங்களான்னு வாயைத் திறந்து கேளுங்க. அது சட்டப்படி தப்பு, ஆனா வைக்கிறவங்க இருக்காங்க. பக்கத்து வயல்காரரையும் கேளுங்க.

ரொம்பப் பேர் விட்டுர்றது ஒண்ணு உண்டு: ராத்திரி தண்ணி பாய்ச்சுறது. மும்முனைக் கரண்ட் வர்ற நேரத்துக்கு மோட்டார் போடுவாங்க, இல்ல வாய்க்கால் முறைத்தண்ணி நடுச்சாமத்துல திரும்பும். தோப்புக்காரருக்கு நீங்க தங்குறது தெரியும், தண்ணி பாய்ச்சுறவருக்குத் தெரியாது. ரெண்டு மணிக்குப் பாத்திக்குள்ள நாலு விரக்கடை தண்ணி நிக்கும். வரப்பு மேட்டுல, களத்துல, பாத்திக்கு வெளிய போடுங்க. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க.

மருந்து அடிச்ச வயலும் வேண்டாம். வாழைக்குக் குருணை மருந்து போட்டா அது மண்ணுல கெடக்கும். தவழுற பிள்ளை கையை மண்ணுல வைக்கும், அடுத்த நிமிஷம் வாயில வைக்கும். கடைசியா எப்ப, என்ன மருந்து போட்டாங்கன்னு கேட்டு, சமீபத்துல போட்டிருந்தா வேற தோப்பு பாருங்க.

கடையம்_ரோடு

அம்பை அக்கா சொன்னதுல ஒரு திருத்தம். தோப்புன்னாலும் மலையடிவாரத்தை ஒட்டி இருந்தா வேண்டாம். கடையம், சிவசைலம், விக்கிரமசிங்கபுரம், திருக்குறுங்குடி பக்கம் கரடியும் சிறுத்தையும் இறங்கி வாரது வழக்கம். வாழையும் தென்னையும் இருக்குற இடத்துக்கு யானையும் வரும். மலைக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு ஊராவது இருக்கட்டும். கைப்பிள்ளையோட போறவங்களுக்கு ஊர் ஓரத்துத் தோப்பு போதும். சாப்பாட்டு மிச்சம், பால் சிந்துன துணி, டயப்பர் எதையும் ராத்திரி வெளிய வைக்காதீங்க. கட்டி கார் டிக்கியில போட்டுருங்க, இல்லைன்னா நாயும் பன்னியும் வந்து பிச்சுப் போட்டுரும்.

தாழையூத்து_45

எட்டு மாசத்துல எதுக்கு? ஒரு வயசு ஆகட்டும்.

பிள்ளை_நலம்

ஒரு வயசுல இன்னும் கஷ்டம், நடந்து கிணத்துப் பக்கம் போயிரும். நாலு அஞ்சு மாசம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, தலை நின்ன பிள்ளைதான் வெளியில தங்க லேசு. தண்ணிகூட வேண்டாம், ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு வெயில்னாலும் தாய்ப்பால் போதும், அடிக்கடி குடுத்தாச் சரி. மூணு மாசத்துக்குள்ள மட்டும் வேண்டாம்னு உறுதியாச் சொல்லுதேன். அந்த வயசுல 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. அதைத் தோப்புல வச்சு சமாளிக்க முடியாது. குறைமாசத்துல பிறந்த பிள்ளை, வீசிங் உள்ள பிள்ளை, இப்பதான் சளி காய்ச்சல் விட்ட பிள்ளைக்கும் வேண்டாம்.

படுக்கையைச் சொல்லுதேன். கீழ தார்ப்பாய், அதுக்கு மேல கூடாரம். உள்ள பிள்ளை இடத்துல அரை அங்குல ரப்பர் மேட், மேல பத்தமடைக் கோரைப்பாய், அதுக்கு மேல ஒரு பருத்தி விரிப்பை இழுத்து நாலு பக்கமும் பாய்க்கு அடியில செருகிருங்க. கோரைப்பாயில முதுகு வேர்க்காது, அமுங்கவும் செய்யாது. காத்து அடைச்ச மெத்தை பிள்ளைக்கு ஆகவே ஆகாது. நார்க்கட்டிலும் வேண்டாம், நடுவுல தொய்ஞ்சு பிள்ளை உருண்டு முகம் புதையும். மல்லாக்கப் போடுங்க. கடுகுத் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. கூடாரச் சுவர்ல இருந்து ஒரு முழம் தள்ளி, பெரியவங்க படுக்கையை ஒட்டாம தனியாப் படுக்க வையுங்க. நாலு பேர் கூடாரத்துல ரெண்டு பெரியவங்களும் ஒரு பிள்ளையும்தான் சரியான கணக்கு.

துணி: பங்குனி சித்திரையில சமவெளியில ராத்திரிகூட 26, 27 டிகிரிக்குக் கீழ எறங்காது. ஒரு ஜப்லா, டயப்பர், அவ்வளவுதான். மார்கழி தையில கை கால் மூடுன பருத்திச் சட்டை, சாக்ஸ். தூங்கும்போது தொப்பி வேண்டாம், சூடு தலை வழியாத்தான் வெளியேறணும். குளிருதா புழுங்குதான்னு பாக்கப் பிள்ளை கையைத் தொடாதீங்க, கை எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறைங்க.

களக்காடு_வாழை

கொசுவுக்கு: சாயங்காலம் கூடாரத்துக்குள்ள ஒரு சுருள் கொளுத்தி வச்சு, கதவை மூடி, அரை மணி நேரம் கழிச்சுப் பிள்ளையைப் படுக்க வச்சா விடிய விடிய கொசு வராது. பவுடர் பாலுக்கு வீட்டுலயே தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவச்சு பாட்டில்ல எடுத்துக்கிட்டா ராத்திரி அடுப்பு பத்த வைக்க வேண்டியதில்ல.

பிள்ளை_நலம்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, ரெண்டும் தப்பு.

சுருள் புகை கூடாரத் துணியில ஒட்டிக்கிட்டு அந்தக் காத்தைத்தான் பிள்ளை ராத்திரி பூரா இழுக்கும். பாலியஸ்டர் துணியில தீப்பொறி பட்டா அணைக்க நேரம் கிடைக்காது. சாம்பிராணி, வேப்பிலைப் புகை, அடுப்பு, எதுவும் கூடாரத்துக்குள்ள ஆகாது. குளிர்னு கங்கு போட்ட சட்டியை உள்ள வச்சா கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரே போகும். காருக்குள்ள ஏசி போட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கிறதும் இதே காரணத்தால வேண்டாம். வலைதான் கொசுவுக்கு மருந்து. ஆறு மணிக்கு முன்னாடி ஜிப்பை மூடிருங்க. உள்ள விளக்கை அணைச்சு வெளிய ஒரு விளக்கைத் தள்ளி வையுங்க, பூச்சி அங்க போயிரும். வெளிய இருக்குற நேரத்துக்கு நீளக் கை, நீளக் கால் சட்டை. டீட் (DEET) உள்ள கொசு விரட்டிக் களிம்பு ரெண்டு மாசத்துக்கு மேல போடலாம், டப்பாவுல எந்த வயசுல இருந்துன்னு பாத்துட்டு. ஒரே தடவை, வெளிய தெரியுற தோல்ல, கையிலயும் வாய்ப் பக்கமும் படாம. கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் தேய்க்கிற வழக்கம் இருக்கு, அது வேண்டவே வேண்டாம்; கற்பூரம் கைப்பிள்ளைக்கு வலிப்பு கொண்டு வரும்.

அடுத்தது தண்ணி. பால் பவுடர் கிருமி நீக்குன பொருள் இல்ல. கலக்குற தண்ணி 70 டிகிரிக்குக் குறையாம இருந்தாத்தான் பவுடர்ல இருக்குற கிருமி சாகும். ஆறுன தண்ணியில கலக்குனா அது பெருகும். அதனால ஒரு லிட்டர் ஸ்டீல் பிளாஸ்க். வீட்டுல ஒரு தடவை சோதிச்சுருங்க: முதல்ல கொதிதண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் பிளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிட்டு, மறுபடி கழுத்து வரைக்கும் கொதிதண்ணி. பத்து மணி நேரம் கழிச்சு சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்க. 70க்கு மேல நின்னா அந்த பிளாஸ்க் ஒரு ராத்திரிக்குப் போதும். நிக்கலைன்னா படுக்குறதுக்கு முன்னாடி அங்கேயே கொதிக்க வச்சு ஊத்துங்க. பவுடரை வீட்டுலயே அளந்து உலர்ந்த சின்ன டப்பாவுல போட்டு மூடிருங்க. பெரும்பாலான டப்பாவுல 30 மி.லி.க்கு ஒரு மட்டக் கரண்டி, உங்க டப்பா என்ன சொல்லுதோ அதைப் பாருங்க. ராத்திரி பாட்டில்ல முதல்ல பிளாஸ்க் தண்ணியை அளவு வரைக்கும் ஊத்தி, அப்புறம் பவுடரைப் போட்டு, குலுக்கி, குளிர்ந்த தண்ணி உள்ள மக்குல நிறுத்தி, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுக் குடுங்க. கலக்குன பால் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியணும். பிள்ளை வாய் வச்சதுன்னா ஒரு மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிருங்க.

எட்டு மாசத்துக்குச் சாப்பாடு: முழு ஏத்தம்பழம் ரெண்டு, ராகி மாவு கொஞ்சம். அங்கேயே கூழ் காய்ச்சுங்க. வீட்டுல இருந்து மசிச்ச சோறு, குழைச்ச இட்லி கட்டிட்டுப் போனா இந்த வெயிலுக்கு ரெண்டு மணி நேரம்தான். தோட்டத்துல தேன் கிடைக்குதுன்னு நாக்குல தடவாதீங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் கிடையாது.

களக்காடு_வாழை

சரிதான் தங்கச்சி, 70 டிகிரி விஷயம் சரியா விளக்கிட்டீங்க. கேட்டவங்க என் பதிவை விட்டுட்டு இதையே எடுத்துக்கிடுங்க.

வள்ளியூர்_காத்து

எங்க பக்கம் வாரவங்களுக்கு: ஆனி, ஆடி, ஆவணியில பணகுடி, வள்ளியூர், ராதாபுரத்துல கூடாரமே வேண்டாம். காத்தாலை வச்சிருக்காங்கன்னா அங்க காத்து எப்படி இருக்கும்னு பாத்துக்கிடுங்க. மழைத்துணி ராத்திரி பூரா படபடன்னு அடிச்சா எந்தப் பிள்ளையும் தூங்காது. மார்கழில இருந்து மாசி வரைக்கும் நல்ல காலம், ஆனா பனி இறங்கி விடியக்காலைல மழைத்துணி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். அடியில ரெண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டுங்க, இல்லைன்னா மூணு பேர் விடுற மூச்சே உள் துணியில தண்ணியா நிக்கும்.

கூடாரத்தோட வர்ற அலுமினிய ஆணி நம்ம செம்மண் தரைக்கு வளைஞ்சிரும். வெல்டிங் கடையில 8 மி.மீ. கம்பியை ஒரு அடியா வெட்டி, மேல கொக்கியா வளைச்சு எட்டு வாங்கி வச்சுக்கிடுங்க. கொக்கி மேல பழைய டென்னிஸ் பந்தைக் கிழிச்சு மாட்டிருங்க, தவழுற பிள்ளை நெத்தி அந்த உயரத்துலதான் வரும். இழுவைக் கயித்துல வெள்ளைத் துணி கட்டிருங்க, ராத்திரி பிள்ளையைத் தூக்கிட்டு வாரவங்க தடுக்கி விழக் கூடாது.

பொருநைக்கரை

பிள்ளை அழுதா என்ன செய்யன்னு கேக்கலை, ஆனா ராத்திரி காரணம் தெரியாம அழுதா பூச்சிக்கடியையும் நினைக்கணும். தலைமாட்டுல டார்ச், துணியை முழுசாக் கழட்டிப் பாருங்க. செந்தேள் கொட்டுனா வேர்த்து ஊத்தும், கை கால் சில்லுன்னு ஆகும், வாந்தி வரும். கட்டுவிரியன் கடி வலிக்காமலே இருக்கலாம், தடமும் தெரியாது. இமை தொங்குறது, பால் இழுக்க முடியாம போறதுதான் அடையாளம். ரெண்டுக்கும் கட்டுப் போடுறது, கீறுறது, பச்சிலை எதுவும் வேண்டாம். பிள்ளையை அசைக்காம தூக்கிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. அம்பை பக்கம்னா அம்பாசமுத்திரம் ஜி.ஹெச்., பெரிய சிகிச்சைக்கு ஹைகிரவுண்ட் (பாளையங்கோட்டையில உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி). விஷமுறிவு மருந்து பிள்ளைக்கும் பெரியவங்க அளவுதான், சின்ன உடம்புன்னு குறைச்சுப் போடுறது கிடையாது. ஜிப்பு எப்பவும் மூடியே இருந்தா இதுல பாதி நடக்காது. செருப்பை உள்ள எடுத்து வையுங்க.

இடம் பாக்கப் போகும்போதே ரெண்டு விஷயம் பாத்துருங்க: கூடாரம் போடுற இடத்துலயே போன் சிக்னல் இருக்கா, ஆஸ்பத்திரி அரை மணி நேரத்துக்குள்ளயா. 108க்குச் சொல்ல ஊர்ப் பேரும், மெயின் ரோட்டுல எந்த இடத்துல திரும்பணும்ங்கிறதும் எழுதி வையுங்க. காரைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பாத்து நிறுத்துங்க.

பிள்ளை_நலம்

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கு. குளிப்பாட்டும்போது அக்குள், தொடை இடுக்கு, காது மடலுக்குப் பின்னாடி, டயப்பர் விளிம்பு எல்லாம் பாருங்க. புதர், புல் ஓரத்துல இருக்குற சின்ன உண்ணியால வர்ற ஸ்க்ரப் டைபஸ் நம்ம மாவட்டத்துல உண்டு. கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "தோப்புல தங்கினோம்"னு முதல்லயே சொல்லிருங்க. அதுக்குத் தனி மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா கேட்கும்.

மருந்துப் பையில பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர். பாரசிட்டமால் சொட்டு மருந்துன்னா 1 மி.லி.யில 100 மில்லிகிராம், சிரப்புன்னா சிலதுல 5 மி.லி.யில 120, சிலதுல 250, லேபிளைப் பாருங்க. எட்டு கிலோவுக்கு 120 மில்லிகிராம்னு வச்சுக்கிட்டா 120 சிரப்புல 5 மி.லி., சொட்டுல 1.2 மி.லி. இருட்டுல பாட்டில் மாறி சொட்டு மருந்தை 5 மி.லி. குடுத்தா நாலு மடங்கு ஆயிரும். ஒரு வகை மட்டும் எடுங்க, உங்க டாக்டர் சொன்ன மி.லி. அளவை பாட்டில் மேல பேனாவால எழுதி ஒட்டிருங்க.

அம்பை_தோப்பு

பையைச் சொல்லி முடிக்கேன். இது வீட்டுல எப்பவும் கட்டியே இருக்கணும், அப்பதான் திடீர்னு கிளம்ப முடியும். டயப்பர் பன்னெண்டு (எட்டு தேவைப்படும், வயிறு சரியில்லைன்னா மிச்சம்), ஜப்லா ஆறு, பழைய வேட்டித் துணி நாலு, ஜிப் கவர் பத்து, விரிப்பு ரெண்டு, டார்ச் ரெண்டு, ஆணி, கயிறு, தார்ப்பாய் ரெண்டு. கிளம்புற அன்னைக்குச் சேக்குறது பிளாஸ்க், பவுடர், பழம், 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு. போர்த்தண்ணியைக் கை கழுவ மட்டும் வச்சுக்கிடுங்க. டயப்பரும் மருந்தும் தீர்ந்தா வந்த அன்னைக்கே நிரப்பிருங்க.

தொட்டில் கட்டுறதா இருந்தா பகல்ல மட்டும், பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். தொடை தண்டி பச்சைக் கிளை, பருத்திச் சேலை, அடிப்பகுதி தரையில இருந்து ஒரு அடிக்கு மேல போகக் கூடாது. எட்டு மாசப் பிள்ளை எந்திரிச்சு உக்காரும், சாயும். கயிறு வழியா முசுறு இறங்குதான்னு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு அப்புறம் பிள்ளையைப் போடுங்க.

நேரம்: மூணரைக்குக் கிளம்பி, நாலரை அஞ்சுக்குள்ள போய்ச் சேரணும். ஒருத்தர் பிள்ளையை வச்சுக்கிட, ஒருத்தர் கூடாரம். ரெண்டு பேரும் சேந்து கூடாரம் போட்டா பிள்ளையை யாரும் பாக்கலைன்னு அர்த்தம்.

பாளை_அம்மா

எல்லாருக்கும் நன்றி. பிளாஸ்க்கை இன்னைக்கே சோதிச்சுப் பாக்குதேன். கல்லிடைக்குறிச்சிக்கு இந்தப் பக்கம் தெரிஞ்சவங்க மாந்தோப்பு இருக்கு, ஊரை ஒட்டி. கிணறு தள்ளித்தான் இருக்கு, வேலி முள்வேலி. பங்குனி நடுவுல ஒரு சனிக்கிழமைன்னு நினைச்சிருக்கோம். வேற ஏதாவது கேக்கணுமா?

கடையம்_ரோடு

ஊர்ல கொடை எப்பன்னு கேளுங்க மதினி. பங்குனியில தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு கோவில்ல கொடை இருந்துக்கிட்டே இருக்கும். குழாய் ஸ்பீக்கர் கட்டுனா ரெண்டு ஊருக்குக் கேக்கும், விடிய விடிய வில்லுப்பாட்டும் மேளமும். பங்குனி உத்திரம்னா அந்தப் பக்கச் சாஸ்தா கோவிலுக்கெல்லாம் வண்டி வண்டியா ஆள் வரும், ரோடும் அடைச்சிரும். உத்திரம் தள்ளி அடுத்த வாரம் போங்க, தோப்புக்காரர்கிட்ட அந்த வாரம் தண்ணி முறை யாருக்குன்னும் கேட்டுக்கிடுங்க.